பதினாலாவது ஷாட்

தம்பி,

நீ கேட்ட கையெழுத்தை வாங்கிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவத்துக்குப் போய், தனம் சித்தியின் வீட்டுக் கூடத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, நீ அனுப்பிய சம்மதப் படிவத்தை நீட்டினேன். நீ பெருக்கல் குறி போட்டு வைத்திருந்த இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள். படிவம் இப்போது என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் "சுருக்கமா சொல்லும்மா, வெளியில நிக்கிறேன்" என்றாய். சுருக்கமாகச் சொல்ல முடிந்திருந்தால் இருபத்தோரு வருடத்துக்கு முன்னாலேயே யாரிடமாவது சொல்லியிருப்பேன். வாட்ஸப்பில் எழுதினால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டு அனுப்புவாய். அதனால் பேப்பரில் எழுதித் தபாலில் சேர்க்கிறேன். உட்கார்ந்து படி.

முதலில் உன் திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பை முடிக்க ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும், வகுப்பில் ஒருவன் மெட்டுப் போட்ட காதல் பாட்டு, நாலு நிமிடம் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். அப்புறம் முப்பத்திரண்டு ஷாட்டுகளின் பட்டியலை அனுப்பினாய். ஆபீசில் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல், போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு சினிமாவிலிருந்தோ வீடியோவிலிருந்தோ பிடித்து வைத்த சின்னப் படம். அதற்குக் கீழே, அதிலிருந்து நீ எதை எடுக்கிறாய் என்று ஒரு வரி. 'ஜன்னல் வெளிச்சம் மட்டும்.' 'கேமரா நடக்கும் வேகம்.' 'இந்த மஞ்சள்.' ஒரு கொரியப் பாட்டிலிருந்து குடை, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து மாடிப்படி. எதை எங்கிருந்து எடுத்தாய் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பக்கத்து மேசை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

பதினாலாவது ஷாட்டுக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அங்கே கொரியாவும் இல்லை, கறுப்பு வெள்ளையும் இல்லை. என் தங்கை தனம் இருந்தாள். கல்யாண ரிசப்ஷன் மேடையில், ரோஸ் கலர் பட்டில், கண்ணில் தண்ணீரோடு ஓரமாகக் குனிந்து ஏதோ முணுமுணுத்தவள் சட்டென்று நிமிர்ந்து சிரிக்கிறாள். கண்ணைத் துடைக்க ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. அது என் கை. கீழே நீ எழுதியிருந்தாய்: 'உண்மையான வெட்கம். நடிப்பில் வராது. ஒரிஜினல் கேசட்டின் ஒன்பது விநாடியை அப்படியே வைத்து, அதிலிருந்து நம் நடிகையின் முகத்துக்கு மாற வேண்டும். ஒலி: பாட்டு மட்டும்.' பரண் மேலிருந்து நீ எடுத்துக்கொண்டு போன கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் சார் அந்த ஒன்பது விநாடியைத்தான் மெச்சினாராம். உண்மையான ஆளின் பழைய படத்தைப் போட்டால் அந்த ஆளின் கையெழுத்து வேண்டுமாம். "நீயே வாங்கிடும்மா, சித்தி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அப்படி அவளைப் பழக்கியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு.

ரெஃபரன்ஸ் என்று நீ சொல்வதை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த வார்த்தை தெரியாமலேயே நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். கதாநாயகி ஜாக்கெட்டின் முதுகில் கயிறு கட்டியிருந்தால், அடுத்த வாரம் காரைக்காலில் அத்தனை டெய்லர் கடையிலும் கயிறு தொங்கும். எங்கள் வீட்டிலேயே சினிமாப் பைத்தியம் நான்தான். ஒரே படத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, எந்தப் பாட்டில் எத்தனை புடவை மாற்றினாள் என்று கணக்குச் சொல்வேன். அதனால் தனத்தின் கல்யாண வீடியோவுக்கு என்னைத்தான் பொறுப்பாகப் போட்டார்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பெண் மேடையேறும்போது இந்தப் பாட்டு, மாலை போடும்போது அந்தப் பாட்டு, மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது இன்ன படத்தில் நாயகன் இறங்குகிற மாதிரி என்று எழுதி வைத்தேன். உன் பட்டியலைப் பார்த்தபோது அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. உன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடியோ எடுத்து முடித்தபின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து சினிமாப் பாட்டையும் பூவையும் புறாவையும் மேலே ஏற்றுகிற வேலைக்கு எங்கள் ஊரில் மிக்சிங் என்று பெயர். கல்யாணம் முடிந்த வீட்டில் "சாப்பாடு எப்படி?" என்று கேட்பதுபோல "மிக்சிங் எப்படி?" என்று கேட்பார்கள். தனத்தின் கேசட்டில் அவளும் மாப்பிள்ளையும் பார்க்காத நாடு கிடையாது. பனிமலைக்கு முன்னால் நிற்பார்கள். தாமரைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்கள். நிலாவுக்குள் அவர் முகம் உதிக்கும். தனம் அதுவரைக்கும் கும்பகோணத்தைத் தாண்டியதில்லை. நீ அதையெல்லாம் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றாய். சிரி, தப்பில்லை. நானும் அந்த மலையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன். நீ எட்டாவது படிக்கும்போது மாங்கனித் திருவிழாவில் அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு அவருடைய சிநேகிதர் வீட்டு மாடியில் ஏறி நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? சாமி ஊர்வலம் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைத்தார்கள். கீழே ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும், கையில் விழுந்த பழத்தைத் தவறவிட்டு, அதை எடுக்கக் கூட்டத்தின் காலுக்கிடையில் நாலு காலில் தவழ்ந்தாள். முந்தானை எங்கோ போயிற்று. நீ அதைப் பிடித்து, முன்னும் பின்னும் ஓடவிட்டு, எங்கேயோ பார்த்த வேடிக்கை வீடியோ ஒன்றின் இசையை அதில் போட்டாய். நம் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் பார்த்தோம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். "கெட்டிக்காரன்டா நீ" என்று உன் தலையைத் தடவினேன். அது போன் போனாகப் போயிற்று. நாலு மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் அந்த அம்மாள் எனக்கு முன்னால் நின்றார்கள். கோவில்பத்துதான், நமக்கு மூன்று தெரு தள்ளி. "ஒங்க புள்ள எடுத்ததாமே? எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்க. எங்க மருமவளும் சிரிச்சா" என்றார்கள். அந்த மருமகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்றுதான் அந்தப் பழத்துக்கு அவர்கள் தவழ்ந்தது. பேசிக்கொண்டே, ஒழுங்காக இருந்த முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்கள். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உனக்குப் பரீட்சை. அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். எனக்கு எல்லாமே அப்புறம்தான்.

சரி, இனி கேசட்டுக்கு வருகிறேன். தனம் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். மாப்பிள்ளைக்கு நாகப்பட்டினத்தில் சொந்தமாக ஹார்டுவேர் கடை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மறுநாள் காலையில்தான் தாலி. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், மறுநாள் காலையில்தான் தாலி. நான் உன்னை வயிற்றில் ஏழு மாதம் சுமந்துகொண்டு, மேடையில் தனத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிரான்சிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா மோதிரம் போட மேடை ஏறிக்கொண்டிருந்தார். குடும்பத்திலேயே பெரிய மனிதர் அவர்தான். கேசட்டில் ஒரு காப்பி அவரோடு பாரிஸ் போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வீடியோக்காரர் எல்லோரையும் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். தனம் பார்க்கவில்லை. கீழே முன்வரிசையில் அவள் கல்லூரித் தோழிகள் ஏதோ சைகை காட்டி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மாப்பிள்ளை அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

பிடித்தார் என்றால் கை கோத்தது இல்லை. கேமராவைப் பார்த்துப் பல் முழுக்கச் சிரித்துக்கொண்டே, கீழே, மாலைக்கு மறைவில், துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். நான் பார்த்தேன். அவள் முகம் சுருங்கிற்று. இரண்டு கண்ணாடி வளையல் உடைந்து கம்பளத்தில் விழுந்தது. உடைந்த வளையல் யார் கண்ணிலாவது பட்டால் அபசகுனம் என்று பேச்சாகிவிடுமே என்று, நான் உட்கார்ந்தபடியே அதைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினேன். முதலில் என் கால்தான் வேலை செய்தது தம்பி, அதற்கப்புறம்தான் நான் எழுந்து அவளிடம் போனேன். அவள் என் பக்கம் திரும்பி, குனிந்து, என் காதில் சொன்னாள்: "அக்கா, கை வலிக்குதுக்கா. எனக்கு இவரு வேணாம்க்கா. அப்பாகிட்ட சொல்லுக்கா."

வீடியோ லைட் எங்கள் இரண்டு பேர் மேலும் திரும்பிற்று. நான் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தேன். உதடு அசையாமல் சொன்னேன்: "கேமரா ஓடுதுடி. சிரி."

அவள் நிமிர்ந்து சிரித்தாள். அதுதான் உன் பதினாலாவது ஷாட்.

எங்கள் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ரிசப்ஷன் முடிந்து சாப்பிட்டு, அவரவர் பாய் விரித்துப் படுத்து, விடிந்து, மேளம் தொடங்கும் வரை எனக்கு நேரம் இருந்தது. மாப்பிள்ளை ஏதோ பதற்றத்தில் பிடித்துவிட்டார், மண்டபம் நிறைய ஆள் இருக்கிறார்கள், பெரியப்பா வந்திருக்கிறார், நான் வயிற்றுப் பிள்ளைக்காரி, என்னை ஏன் இதில் இழுக்கிறாள் என்று என்னென்னவோ நினைத்தேன். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். அவள் மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பத்து நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு மிக்சிங்குக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் ஒரு பாய், ரொம்ப நல்ல மனிதர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். "தங்கச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. மாப்ள கையப் புடிச்சு முறுக்குறாப்புல தெரியுது. பொண்ணு மொகமே மாறிப்போச்சு. வெட்டி எடுத்துடவா?"

"வெட்டுனா பெரியப்பா மோதரம் போடுறதும் போயிடுமே பாய். அது பிரான்சுக்குப் போற காப்பி."

"அப்ப என்ன செய்யட்டும்?"

"மேல ஏதாச்சும் போட்டு மூடிடுங்க."

அவர் கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். "பொண்ணு உங்க காதுல என்னமோ சொல்லுதே. இப்ப நல்லா இருக்குதா தங்கச்சி?" என்றார். "நல்லா இருக்கா பாய், வெக்கப்படுறா" என்றேன். வெட்கம் என்ற வார்த்தையை அந்த இடத்துக்கு முதலில் போட்டவள் நான், நீ இல்லை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டார். கீழேயிருந்து சுழன்று சுழன்று வரும், மாப்பிள்ளை பெண் நடுவில் நாலு விநாடி நிற்கும், வெடித்து ரோஜாப்பூவாகக் கொட்டும். பேச்சுச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு, அந்த வருடம் எல்லார் வாயிலும் இருந்த ஒரு காதல் பாட்டைப் போடச் சொன்னேன். பாட்டுக்கு நோட்டில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தேன். உன் ஒன்பது விநாடி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார். பூக்கொட்டுகிற இடத்தை நீ அசிங்கமான எஃபெக்ட் என்று வெட்டியிருப்பாய். வெட்டாமல் பார். இதயத்தின் இடது விளிம்பில் மாப்பிள்ளையின் இரண்டு விரல் தெரியும்.

நேற்று வியாழக்கிழமை ஆபீஸ் விட்டதும் பாயைப் போய்ப் பார்த்தேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் அவர் மகன் மொபைல் கடை வைத்திருக்கிறார். மிக்சிங் செய்வதற்கு முந்தைய கேசட் எங்கேயாவது இருக்குமா என்று பாயிடம் கேட்டேன். "ஏது தங்கச்சி? அந்தக் கேசட்டு மேலயே அடுத்த கல்யாணத்த எடுத்துடுவோம்" என்றார். ஆக, தனம் சொன்னது எந்தக் கேசட்டிலும் இல்லை. என் காதில் மட்டும்தான் இருக்கிறது. நீ எவ்வளவு நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் அதிலிருந்து அதை எடுக்க முடியாது.

நாகப்பட்டினம் சித்தப்பா உனக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தவர். அவரை உனக்குப் பிடிக்கும், தெரியும். நீ மூன்றாவது படிக்கும்போது சித்தி கையில் கட்டோடு நம் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருந்தாளே, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று உன்னிடம் சொன்னது நான்தான். அவள் வழுக்கி விழவில்லை. அதே வலது மணிக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் அதை அவளால் பழையபடி திருப்ப முடியவில்லை. இன்றைக்கும் அவளால் துணி பிழிய முடியாது, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாது. அவள் தோளோடு கையைத் தூக்கித் தூக்கி எழுதுவதைப் பார்த்துவிட்டு நீ "சித்தி ரோபோ" என்று கூப்பிடுவாய். அவளும் உனக்காக ரோபோ மாதிரி நடந்து காட்டுவாள். கல்யாணமாகிப் பதினோராவது வருடம் அவளே ஒரு பையோடு கிளம்பி வந்துவிட்டாள். ஊருக்கு 'ஒத்து வரலை' என்று சொன்னோம். உனக்கும் அதையே சொன்னோம். அதுவும் ஒரு மிக்சிங்தான்.

இப்போது கையெழுத்து வாங்கின கதை. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்காக அட்டையில் யானை வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "என்னையவா? சினிமாவுலயா?" என்று சிரித்தாள். உன் ஒன்பது விநாடியைப் போனில் போட்டுக் காட்டினேன். நீ போட்டிருந்த உன் நண்பனின் பாட்டோடு ஓடிற்று. இரண்டாவது முறை கேட்டாள், போட்டேன். மூன்றாவது முறை, "பாட்ட நிறுத்திட்டுப் போடுக்கா" என்றாள். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போட்டேன். போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன்னுடைய வாயையே பார்த்தாள்.

"இந்த எடத்துல நான் உன்கிட்ட என்னமோ சொல்லியிருக்கேன்க்கா. என்னன்னு மறந்து போச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

நான் சொன்னேன்: "மை கலஞ்சிருக்கான்னு கேட்ட."

"அதுக்கா அழுதேன்?"

"லைட்டு கண்ணு கூசிச்சுல்ல."

போனை என் மடியில் வைத்தாள். பிறகு படிவத்தை இழுத்து, கையைத் தோளோடு தூக்கி, மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். கிளம்பும்போது நாலு கொய்யாப்பழம் கொடுத்தாள். பஸ் வருகிற வரை கூடவே நின்றாள். "புள்ளகிட்ட சொல்லு, நல்லா எடுத்திருக்கான்னு. நான் அவ்வளவு அழகாவா இருந்தேன்?" என்றாள். அவள் உண்மையிலேயே மறந்துவிட்டாளா, இல்லை, இத்தனை வருடம் கழித்து நான் சொல்வதற்கு ஒரு இடம் கொடுத்துப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. காரைக்கால் வந்து சேரும் வரை அந்தக் கொய்யாப்பழப் பை என் மடியில் கனத்தது. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் பயந்து மறைத்தேன், வயது இருபத்தேழு, ஏதோ ஒரு சமாதானம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை யார் என்னைப் பயமுறுத்தினார்கள்? உன் ஷூட்டிங் கெடக்கூடாது என்று நினைத்தேன் என்று உன் மேல் பழி போடலாம். அது பொய். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

உனக்கு நான் சொல்ல வந்தது பெரிய உபதேசம் இல்லை. சினிமாவிலிருந்து எடு, தாராளமாக எடு. அங்கே அழுகிறவளை அழச் சொல்லியிருக்கிறார்கள். கட் சொன்னதும் எழுந்து டீ குடித்திருப்பாள். எங்கள் கேசட்டில் யாரும் தனத்துக்குக் கட் சொல்லவில்லை. வீட்டுக் கேசட், கல்யாண வீடியோ, தெருவில் போகிறவரின் முகம் இதையெல்லாம் எடுக்கிறபோது, முதலில் பாட்டை நிறுத்திவிட்டுப் பார். தனம் அதைத்தான் கேட்டாள், ஷாட் பிரிக்கத் தெரியாத தனம். இன்னொன்று, உன் பாட்டில் நடிக்கப் போகிற பெண் எப்போதாவது முகம் சுருக்கினால், இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓடவிடாதே. நிறுத்திவிட்டு என்ன என்று கேள். ஆயிரம் பேர் காத்துக்கொண்டிருந்தாலும் கேள்.

நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பார்க்கிறவள். எங்கள் ஆபீசில் வயதானவர்கள் இன்னமும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் அதை எத்தா சிவில் என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர் தப்பாக விழுந்துவிட்டால் சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது, மேலே காகிதம் ஒட்டக்கூடாது. சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கவேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, எழுதினவர் கையெழுத்துப் போடவேண்டும். வேலைக்குச் சேர்கிற புதுப்பிள்ளைகளுக்கெல்லாம் இதை நான்தான் கத்துக்கொடுக்கிறேன், அதட்டி அதட்டிக் கத்துக்கொடுக்கிறேன். என் தங்கை விஷயத்தில் இதயம் போட்டு மூடினேன்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படிவத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பூவம் போகிறேன். அவள் சொன்னதை அவளிடமே சொல்லப் போகிறேன். நான் சொன்ன பதிலையும், வளையலைக் காலால் தள்ளினதையும், மை கலைந்ததாகச் சொன்ன பொய்யையும் சொல்லப் போகிறேன். அதற்கப்புறம் அவள் படிவத்தைக் கிழிக்கலாம், என்னை வெளியே போகச் சொல்லலாம், மறுபடி கையெழுத்தும் போடலாம். அவள் என்ன செய்தாலும் நான் வாங்கிக்கொள்ள வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது தம்பி. பஸ் ஏறிவிடுவேன், வாசல்வரை போய்விடுவேன், அப்புறம் மறுபடி மையைப் பற்றிப் பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்துவிட்டால் எனக்குத் திரும்பி வர வழி இல்லை.

இது கிடைத்ததும் நீ ஒரு வேலை செய். பதினாலாவது ஷாட்டை அடித்துவிடு. அழிக்காதே, ஒரே கோடு போட்டு அடி. 'உண்மையான வெட்கம்' என்று நீ எழுதியது அடியில் தெரியட்டும், அதை முதலில் சொன்னது நான் என்று நமக்கு ஞாபகம் இருக்கட்டும். மற்ற முப்பத்தொரு ஷாட்டுக்கும் எங்கிருந்து எடுத்தது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய் அல்லவா? இதற்கும் பக்கத்தில் எழுது: தனலட்சுமி. கை வலிக்குது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா